இடது முழங்கால் மக்கர் செய்யும் இயந்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் வேலை. ஜப்பான்காரர்கள் வரைந்த ராட்சத இயந்திரங்கள் நடந்து வந்து சண்டை போடும் கார்ட்டூன் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். இதைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்தவளைப் பார்ப்பது போல இருக்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். அவர்கள் பார்க்கும் மாமியார் மருமகள் நாடகத்தை நான் என்றைக்காவது ஏதாவது சொன்னேனா?

என்னைப் போல இன்னும் சில கிறுக்குகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் மம்பாவில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக், வாய்ச்சண்டை. ஆளுக்கு ஒரு முறை வரும். முறை வந்தவர் ஒரு தொடரைச் சிபாரிசு செய்ய வேண்டும். மற்றவர்கள் வாரத்துக்கு ஆறு பகுதி வீட்டில் பார்த்துவிட்டு வந்து பேச வேண்டும். ஒரே ஒரு சட்டம்தான். முடிவை யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

கூட்டத்தில் ஒரு வாத்தியார் உண்டு, தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். புதிதாக வந்த தொடர் எதுவும் அவருக்குத் தப்பாது. ஒரு லோரி டிரைவர் உண்டு. அவனும் நானும் ஒரே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். பாதித் தொடர்களைப் பார்க்காமலே வந்து, பார்த்தவன் மாதிரி பேசுவான். அப்புறம் ரசாவில் இருந்து வரும் ஒரு தம்பதி. கணவர் பொம்மை இயந்திரங்களைத் துண்டு துண்டாக வாங்கி ஒட்டிப் பூட்டுவதில் கெட்டிக்காரர். சிறுநீரகக் கோளாறில் படுத்தார், சென்ற வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பத்தாறு வயது. அவர் மனைவியை நாங்கள் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம். அது ஆறு மாதம் கடைப்பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிறு தானாக வந்து, எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போகும் வரை தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தது. அடுத்த சிபாரிசு என் முறை.

எதைச் சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பத்து வயதில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் ஓடிய ஒரு பழைய தொடர். இன்று யாரும் அதைப் பேசுவதில்லை. பொம்மை கிடையாது, சட்டை கிடையாது, ரசிகர் மன்றமும் கிடையாது. பனி பெய்யும் ஒரு நாட்டில் ரயில் பாதை போடுவதற்காகச் செய்த நடக்கும் இயந்திரத்தில், போர் வந்ததும் பீரங்கியை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பாவம், அது கல் சுமக்கப் பிறந்தது. ஒவ்வொரு சண்டையிலும் அதன் இடது முழங்கால் மக்கர் செய்யும். ஓட்டுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறாமல் இருப்பவர் தலைமை மெக்கானிக் ஒருவர்தான். தொந்தி, முன்கோபம், கையில் எப்போதும் ஸ்பேனர். திருகாணியைக்கூடத் திட்டாமல் முடுக்க மாட்டார்.

வாத்தியாருக்கு முதல் வாரமே பிடிக்கவில்லை.

"என்னாங்க இது? சண்டை ரெண்டு நிமிஷம். மீதி பூரா போல்ட்டும் நட்டும். படமும் கோணல் மாணலா இருக்கு. இதுக்கு நான் ஒர்க்‌ஷாப்புக்கே போய் உக்காந்துக்குவேன்லா."

"போங்க சார், போய் உக்காருங்க. அப்பயாவது காரு ஏன் ஓடுதுன்னு உங்களுக்கு வெளங்கும்" என்றேன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். ஆனால் நான் சொன்னது உண்மைதான். மற்ற தொடர்களில் இயந்திரம் அடிபட்டு விழும், அடுத்த வாரம் பளபளவென்று எழுந்து நிற்கும். யார் அதைச் சரி செய்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு தொடர்தான் சரி செய்கிறவர்களைக் கதாநாயகர்களாக வைத்தது. நான் ஸ்பேனர் பிடித்துச் சம்பாதிக்கிறேன் என்றால் அதற்கு இந்தத் தொடர் பாதிக் காரணம். மீதிக் காரணம் என் அப்பா. அவர் எங்கள் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் ஃபிட்டர். ஆறு மணிக்கு கிரீஸ் கையோடு வந்து எனக்கும் அண்ணனுக்கும் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். எங்களுக்கு இருந்த அரைகுறை மலாயில் நாங்கள் திரையின் கீழே ஓடும் எழுத்தைப் படித்துச் சொல்ல, அவர் படிக்காமலே புரிந்துகொண்டு, "இந்தாளுக்கு வேல தெரியுது" என்பார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

இரண்டாம் வாரமே தங்கச்சி சோர்ந்துபோனது தெரிந்தது. பாதியில் விட்டுவிடும் என்று பயந்தேன். தொடரை விட்டால் பரவாயில்லை, எங்களையும் விட்டுவிடும், மறுபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் கார் நிறுத்துமிடம் வரை கூடவே போய்ச் சட்டத்தை மீறினேன்.

"கடைசி வரைக்கும் பாரும்மா. பாலம் ஒடையிற எடத்துல அந்த மெக்கானிக் செத்துட்டாருன்னு எல்லாரும் நெனப்பாங்க. ஆனா கடைசிப் பகுதியில வந்துருவாரு. மழையில தண்டவாளத்து மேல நடந்து வருவாரு. நான் சொல்றேன்ல, கேரண்டி."

"நெசமாவாக்கா?"

"சத்தியமா."

அது தலையாட்டிவிட்டுப் போனது. அன்றைக்கு நான் ஏதோ பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரிதான் வீட்டுக்குப் போனேன்.

கடைசி இரண்டு வாரம் எனக்குத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், இடையில் வந்த ஞாயிறும் வேலை. பாலம் உடையும் வரை பார்த்தேன். மீதியைப் பார்க்க நேரமில்லை. முடிவுதான் தெரியுமே என்று விட்டுவிட்டேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் வாத்தியார் முகம் வேறு மாதிரி இருந்தது.

"மன்னிச்சிக்கோங்க. நான் பேசுனதெல்லாம் வாபஸ். அந்தக் கடைசிப் பகுதி மாதிரி நான் எதையும் பார்த்ததில்ல" என்றார்.

"நான்தான் சொன்னேனே சார். அவரு நடந்து வர்ற எடம்..."

"யாரு நடந்து வர்றது?"

"மெக்கானிக்!"

"அவருதான் பாலத்துலயே செத்துட்டாரே."

அவருக்குக் கணக்கு மட்டும்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன். லோரி டிரைவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்காக எழுந்து நின்றான்.

"சார், தெரியாம பேசாதீங்கலா. நான் கண்ணால பார்த்தவன். மழை கொட்டும். அந்தாளு நடந்து வந்து, என் ஸ்பேனர மழையில போட்டது எவன்டான்னு கேப்பாரு. நாங்க அந்த டயலாக்கச் சொல்லியே ஒரு வருசம் வெளையாடுனோம்."

வாத்தியார் கைப்பேசியை எடுத்து கடைசிப் பகுதியைப் போட்டு மேசை நடுவில் வைத்தார். மழை இல்லை. தண்டவாளம் இல்லை. ஒரு கொட்டகையில் புது இயந்திரம் நிற்கிறது. மெக்கானிக்கிடம் வேலை பழகியவர்கள் சுற்றி நின்று எதை முதலில் கழற்றுவது என்று சண்டை போடுகிறார்கள். ஒரு பெண், அவர் இருந்தால் இடது முழங்காலைத்தான் முதலில் பார்ப்பார் என்கிறாள். எல்லாரும் குனிகிறார்கள். ஒருவன் திருகாணியைத் திட்டிக்கொண்டே முடுக்குகிறான். அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

"இது வேற ஏதோ வெட்டி ஒட்டுனது" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

லோரி டிரைவர் உட்கார்ந்துவிட்டான். எங்கள் லயத்து வீடுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். யார் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம் என்று யோசிக்கிறானாம். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏ புள்ள. பாலம் ஒடைஞ்ச மறுநாளுதானே ஒங்கப்பா..."

"ஆமா."

"பதினாறு நாளும் நம்ம லயத்துல யாரும் டிவி போடலயே."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். லயத்தில் ஒரு சாவு விழுந்தால், சாவு வீடு மட்டுமில்லை, வரிசையில் எல்லா வீட்டிலும் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை ரேடியோ, டிவி எதுவும் ஓடாது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு வீட்டிலும் பெட்டிமேல் துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தத் தொடரில் மிச்சம் இருந்தது ஒன்பது பகுதிகள். லயத்துப் பிள்ளைகள் யாருமே பார்க்கவில்லை. எனக்கு அந்த வயதில் அவர்கள்மேல் ஒரே ஆத்திரம். நம் வீட்டில்தான் போடக் கூடாது, பக்கத்து வீட்டிலாவது போட்டால் என்ன என்று. இப்போதுதான் அது புரிகிறது. என் அப்பாவுக்காக அத்தனை வீடு வாயை மூடிக்கொண்டு இருந்தது. அந்த ஜனங்களுக்கு நான் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை.

அப்படியானால் மழையும் தண்டவாளமும் எங்கிருந்து வந்தன? அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்னது. தோட்டத்து முனையில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட சீன முதலாளியின் மளிகைக்கடை இருந்தது, அங்கே டிவி உண்டு. அண்ணன் சாயங்காலம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வான். நான் லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதைத்தான் இந்த லோரி டிரைவர் கண்ணால் பார்த்தேன் என்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சத்தியம் செய்துகொண்டிருக்கிறான்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அண்ணன் முக்கியமில்லை. எதிரே தங்கச்சி உட்கார்ந்திருந்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடம், செத்தவர் திரும்பி வருவார் என்று சத்தியம் செய்து ஐம்பது பகுதி பார்க்க வைத்திருக்கிறேன். கடைசி வரை காத்திருந்திருக்கும்.

"என்னய மன்னிச்சிரும்மா. எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா தெரியாது."

அது சிரித்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு அதன் சிரிப்பைப் பார்த்தேன்.

"அக்கா, ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? அந்தாளு மட்டும் திரும்பி வந்திருந்தா டிவியத் தூக்கி வாசல்ல போட்டிருப்பேன்."

நான் கையில் எடுத்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன்.

"நீங்க சொன்னதுலேருந்து எனக்கு ஒரே எரிச்சல். அவங்க ஆளு மட்டும் வருவாராம், என் ஆளு வர மாட்டாராம், என்னா நாயம் இது? கோவத்துலதான் கடைசி வரைக்கும் பார்த்தேன். வரல. எல்லாரும் என்கிட்ட மனச தேத்திக்க, தேத்திக்கன்னு சொல்றாங்க. அந்தத் தொடர்ல யாரும் யாரையும் தேத்தலக்கா. குனிஞ்சி வேலையப் பார்த்தாங்க. அவர மாதிரியே திட்டிக்கிட்டே. அது போதும்போல இருந்துச்சு."

பிறகு என் தட்டில் இருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டது. எனக்குச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, நான் மாமாக் கடையில் அத்தனை பேர் நடுவில் மூக்கைச் சிந்தினேன். நான் கொடுத்த தப்பான சத்தியத்தை அது எடுத்துத் துடைத்துச் சரி செய்து என் கையிலேயே கொடுத்தது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

அங்கிருந்து நேராக நீலாய்க்குக் காரை விட்டேன். அண்ணன் குடும்பத்தோடு அங்கே ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார். சின்ன வயதில் அவன் இவன் என்றுதான் பேசுவேன், அவருக்குக் கல்யாணமான பிறகு மரியாதை தானாக வந்துவிட்டது. நான் பார்க்கும் தொடர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அன்று வீட்டு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து மேசைக் காற்றாடியைக் கழற்றிப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா செத்தப்ப ஒரு ரோபோ கார்ட்டூன் ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? தவுக்கே கடையில போய்ப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுவீங்களே?"

"பார்த்தேனா?" அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான் எங்க பார்த்தேன்?"

கொள்ளி வைத்த பிள்ளை என்பதால் அவருக்கு மொட்டை அடித்திருந்தார்கள். பதின்மூன்று வயது. முதல் நாள் அவர் கடை வாசலில் போய் நின்றதும், தவுக்கே மொட்டைத் தலையைப் பார்த்தார். எழுந்து வந்து டிவியை அணைத்தார். உங்கப்பா நல்ல மனுசன், இப்ப இதெல்லாம் பார்க்காதே தம்பி, வீட்டுக்குப் போ என்று தமிழிலேயே சொல்லி, கையில் ஒரு சோடா பாட்டிலைத் திணித்து அனுப்பிவிட்டாராம்.

"மறுநாளும் போனீங்களா?"

"போனேன். கடைக்கு இல்ல. நம்ம தோட்டத்துச் சின்னப் பாலத்துக் கட்டையில உக்காந்துக்குவேன். அரைமணி நேரம் கதை யோசிச்சிட்டு வீட்டுக்கு வந்துருவேன்."

"பார்க்கலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி சொல்றது? சாவு வீட்டுல நீ அந்தாளு பொழைச்சிட்டாரான்னு கேட்டதுக்கு அத்தை உன் முதுகுல ஒன்னு வெச்சாங்க. நீ அழுவல. மறுநாளு நான் வர்றதப் பார்த்துட்டு ரோட்டு வரைக்கும் ஓடி வர்ற. வந்து, பொழைச்சிட்டாராண்ணேங்குற. என்னா சொல்ல சொல்ற பாப்பா?" காற்றாடி இறக்கையைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தார். "நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும்னு எட்டு நாளு இழுத்தேன். அதுக்கு மேல எனக்குக் கதை வரல. சரின்னு நடந்து வர வெச்சிட்டேன்."

"என் ஸ்பேனர மழையில போட்டது எவன்டான்னு கேட்டாரே..."

"அது அப்பா பேசுறது. ஒர்க்‌ஷாப்புல எல்லாரையும் அப்படித்தான் கேப்பாரு. நீ வந்து பார்த்ததில்ல."

நான் அந்த வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து வயதில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், மறுபடி பள்ளிக்குப் போனேன் என்றால் அந்த ஒன்பது சாயங்காலங்களால்தான். அது எனக்கு எப்போதும் தெரியும். அதை எனக்குத் தந்தது டிவிப்பெட்டி என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தத் தொடரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய எனக்கு, எதிரே ஈரக் கையோடு உட்கார்ந்திருப்பவருக்கு நன்றி சொல்லத் தோன்றியதில்லை. அன்று சொன்னேன். நேராக முகத்தைப் பார்த்து, ரொம்ப நன்றிண்ணே என்றேன். எங்கள் குடும்பத்தில் அப்படியெல்லாம் பேசிக்கொள்ள மாட்டோம். அவர் "சரி சரி, போ லா" என்று காற்றாடியைப் பார்த்துச் சொன்னார்.

கடைசி இறக்கையையும் கழுவி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"அப்ப நெசமா என்னா ஆச்சு? வந்தாரா?"

நாற்பத்தாறு வயது மனிதர். தலை நரைத்துவிட்டது. அவருக்கும் முடிவு தெரியாது. எனக்காகக் கதை கட்டியவருக்குக் கதை சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. வந்தார் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. தங்கச்சி சொன்னதை நினைத்துக்கொண்டேன்.

"வரலண்ணே."

அவர் குழாயை மூடினார்.

"வரலயா? எப்படியும் வந்திருப்பாருன்னுதான் பாப்பா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

அதற்கு மேல் அவரை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனசு இல்லை. கைப்பேசியில் ஒன்பது பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். அண்ணி இரண்டு முறை தேநீர் கொண்டுவந்து வைத்தார். கடைசியில் கொட்டகையில் அவர்கள் குனிந்து இடது முழங்காலைக் கழற்றினார்கள். ஒருவன் திருகாணியைத் திட்டினான். அண்ணன் ஈரத் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கொள்ளி வைத்தபோதும் அழாதவர், காரியத்தன்றும் அழாதவர். அப்பாவுக்காக என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.